வால் தூக்கின நாய் ஆடு மடக்காதுங்க: ரோமியோ வீடியோவுக்கு என் மறுப்பு

பட்டிக்காரன் (காங்கயம் பக்கம்), இரவு 8.40

போன வாரம் நாய் வளர்ப்புப் பகுதியில கோயமுத்தூர் நண்பர் ஒருத்தர், ரோமியோ அப்பாங்கிற பேர்ல, 41 நொடி வீடியோ ஒண்ணு போட்டிருந்தாரு. பாக்காதவங்களுக்குச் சொல்றேன். ஆடிப் பதினெட்டுக்கு மாமனார் தோட்டத்துக்கு, குண்டடம் பக்கம், போயிருக்காரு. கூடவே அவரு வளர்க்கிற ரோமியோ. பார்டர் கோலி, ஆடு மடக்கறதுக்குன்னே உண்டாக்கின சீமை நாய். அடுக்குமாடியில வளர்ந்த நாய், அதுவரைக்கும் ஆட்டைக் கண்ணுலயே பாத்ததில்லையாம். கயித்தை அவுத்து விட்டாராம், அது முப்பது ஆட்டை வளைச்சு ஓட்டிட்டுப் போயி பட்டியில அடைச்சுதாம். கீழ அவரு எழுதினது இது: "பழக்கவே வேண்டாம், ரத்தத்துல இருக்கு. உங்க வீட்டு நாயையும் ஒரு நாள் ஆட்டுகிட்ட அவுத்து விட்டுப் பாருங்க, அசந்து போவீங்க." அதுக்கு இருநூறு பேரு கை தட்டியிருக்கீங்க.

நானு முப்பது வருசமா செம்மறி வெச்சிருக்கறவன். அந்த வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பாத்தேன். 17-வது நொடியில நிறுத்துங்க. நாயோட வாலைப் பாருங்க. கோயில் கொடிமரமாட்ட நிக்குது. வேலையில கண்ணு வெச்ச பார்டர் கோலிக்கு வால் பின்னங்காலை ஒட்டித் தொங்கும், நுனி மட்டும் லேசா வளைஞ்சிருக்கும். வால் மேல போச்சுன்னா அது விளையாட்டு. விளையாட்டுல இருக்கற நாய்க்கு ஆடும் ஒண்ணுதான், பந்தும் ஒண்ணுதான். அசந்துதானுங்க போனேன்.

அப்பறம், ஆடு முப்பது இல்லீங்க. எண்ணிட்டேன். இருவத்தி ரெண்டு.

ரோமியோ அப்பா (கோவை), இரவு 9.05

அண்ணா, எங்கிட்ட நேராவே கேட்டிருக்கலாம். இதுக்குத் தனி இழை தொடங்கி ஊரைக் கூட்டணுமா?

வால் கீழேதான் இருந்துச்சு. 17-வது நொடியில காத்து தூக்கிவிட்டது. ஆடி மாசம் குண்டடத்துல காத்து எப்படி அடிக்கும்னு காங்கயத்துக்காரருக்கு நான் சொல்லித் தரணுமா? பார்டர் கோலி வால்ல எவ்வளவு முடி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? உங்க ஊரு நாய் வால் மாதிரி ஓலைக்குச்சி இல்லை அது.

ரத்தம்னு நான் சும்மா சொல்லலை. 1893-ல இங்கிலாந்து நார்த்தம்பர்லாண்டுல ஆடம் டெல்ஃபர் வளர்த்த ஓல்டு ஹெம்ப்னு ஒரு நாய். இன்னைக்கு உலகத்துல இருக்கிற பார்டர் கோலி கிட்டத்தட்ட எல்லாமே அதோட வழியில வந்ததுதான். அதுக்கும் 20 வருசம் முன்னாடி, 1873-லயே, வேல்ஸ்ல பாலாங்கிற ஊர்ல ஆட்டு நாய்ப் போட்டி வச்சிருக்காங்க. 1906-ல தனிச் சங்கமே வந்தாச்சு. இத்தனை தலைமுறையாப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த குணம் ஒரு அடுக்குமாடிக்குள்ள வந்தா போயிடுமா?

பட்டிக்காரன், இரவு 9.21

நானும் கரிகாலன் வம்சம்னுதான் எங்க தாத்தா சொல்வாருங்க. அதுக்காக என்னையக் கூட்டிட்டுப் போயி கல்லணையில மதகு திறக்கச் சொல்லுவீங்களா?

ஹெம்ப்பு கதையெல்லாம் சரி. ஹெம்ப்பு வால் தொங்குச்சா, நிமிந்துச்சா? அதைச் சொல்லுங்க.

காத்துன்னு சொல்றீங்க. சரிங்க. காத்துன்னா முதுகு முடியும் பறக்கணும், காது முடியும் பறக்கணும். வால் மட்டும் பறக்குமா? நிறுத்திப் பாருங்க. 17-வது நொடி.

தென்தீவுத் தமிழன் (நியூசிலாந்து), இரவு 9.58

ரெண்டு பேருக்கும் வணக்கம். எங்ககிட்ட ஹன்டவேங்கிற இந்த ஊர் ஆட்டு நாய்க் கலப்பு ஒண்ணு இருக்கு. காப்பகத்துல இருந்து எடுத்தது, பேரு பூந்தி. ஆடு காட்டிப் பழக்கணும்னு ரெண்டு வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பண்ணைக்குக் கூட்டிட்டுப் போறேன். முதல் நாள் எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன், யாருக்காவது உதவும்.

ஆட்டைக் காட்டறதுக்கு முன்னாடியே, வெறும் காட்டுல நாயைக் கூப்பிடச் சொன்னாங்க அந்தப் பண்ணை அம்மா. வந்துச்சு. படுன்னேன், படுத்துச்சு. மறுபடி ஓடவிட்டு, ஓட்டத்துல இருக்கும்போதே படுன்னு சொல்லச் சொன்னாங்க. படுக்கலை. "அப்ப இன்னைக்கு ஆடு கிடையாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சுத்தான் உள்ளயே விட்டாங்க.

உள்ளன்னா வட்டமா ஒரு அடைப்பு. அதுல மூணே மூணு ஆடு. வயசான கிழட்டு ஆடுங்க, நூறு நாயைப் பாத்தது. நாய் வந்தா மிரண்டு தெறிக்காது, ஒண்ணா சேந்து மனுசன் காலை ஒட்டி வந்து நிக்கும். ஆளைப் பழக்கற ஆடு அது. நாய் கழுத்துல நீளக் கயிறு, அதைக் கையில பிடிக்கிறதில்லை, தரையில இழுபடும். தப்புன்னா மிதிச்சு நிறுத்தலாம். அந்த அம்மா கையில ஒரு கம்பு, அடிக்க இல்லை, நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவுல நீட்டி வழி மறிக்க. நாய் ஆட்டைச் சுத்தி நமக்கு எதிர்ப்பக்கம் போகணும். கடிகாரத்துல நாம ஆறுல நின்னா அது பன்னெண்டுல. நாம பின்னால நடக்க நடக்க, ஆடு நம்மகிட்ட வரும், நாய் அந்தப் பக்கத்துல இருந்து தள்ளும். மொத்தமே பத்து நிமிசம். அதுக்கு மேல விட்டா நாய்க்கு மூளை சூடாகிடும்.

பூந்தி அந்தப் பத்து நிமிசமும் என்ன பண்ணுச்சுன்னா, ஆட்டுப்புழுக்கை தின்னுச்சு. தலையே தூக்கலை.

வால் விசயத்துக்கு வர்றேன். வால் தொங்கினா கவனம், தூக்கினா விளையாட்டுன்னு இங்கயும் சொல்றாங்க. ஆனா முதல் நாள் எந்த நாய்க்கும் வால் ஏறி ஏறி இறங்கும், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதேன்னு அந்த அம்மா சொன்னாங்க.

ரோமியோ அப்பா, இரவு 10.04

நன்றி நண்பா! பாருங்க பட்டிக்காரரே. "வாலை மட்டும் வச்சு முடிவு பண்ணாதே." நியூசிலாந்துலயே சொல்றாங்க.

பட்டிக்காரன், இரவு 10.09

நன்றி தம்பி. பாருங்க ரோமியோ அப்பா. "தூக்கினா விளையாட்டு." நியூசிலாந்துலயே சொல்றாங்க.

அவரு மூணு வாரம் காத்திருந்தாரு. வட்ட அடைப்பு, கயிறு, மூணு கிழட்டு ஆடு. நீங்க? கொறங்காட்டுல, மேய்ச்சல் காட்டுல, அவுத்து விட்டுட்டு செல்போனைத் தூக்கிப் புடிச்சீங்க. அதுலயும் அந்த ஆடுங்க மேச்சேரி. மேச்சேரிக்குக் கம்பளி கிடையாதுங்க. சீமை ஆட்டுல நாய் வாய் வெச்சா நாலு விரக்கடை ரோமத்துல பல்லு மாட்டும். நம்ம ஆட்டுல நேரா தோலு. அதனாலதான் வால் முக்கியம்ங்கறேன்.

கீதாரி பேரன் (மானாமதுரை), இரவு 10.31

அய்யா, குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். முதல்ல எதை மேய்க்கிறதுன்னு சொல்றோம்? மேய்க்கிறது வேற, மறிச்சு மடக்குறது வேற, காவல் காக்குறது வேற. எங்க அய்யா காலத்துக் கிடையில நாய் உண்டு, ஆனா அது ஆட்டை மடக்காது. ராத்திரி கிடையைச் சுத்திப் படுத்துக் கிடக்கும், நரி வந்தா, களவாணி வந்தா குரைக்கும். ஆட்டைத் திருப்புறது மனுசன் குரலும் தொரட்டியும்தான். அந்த நாய் குட்டியில இருந்தே ஆட்டோட கிடந்து வளர்ந்தது, ஆட்டைத் தன் சாதின்னு நினைக்கும். பார்டர் கோலி வேட்டைக் குணத்தைப் பாதியில வெட்டி வச்ச நாய். பாக்கும், பதுங்கும், விரட்டும், ஆனா கடிச்சுக் கொல்லுற கடைசிப் படி மழுங்கினது. இது ரெண்டும் வேற வேற வேலை. எதுன்னு பிரிச்சுப் பேசினா சண்டையில பாதி குறையும்.

பட்டிக்காரன், இரவு 10.36

நல்லாச் சொன்னீங்க தம்பி. அந்தப் பதுங்கறப்ப வால் எங்க இருக்கும்?

ரோமியோ அப்பா, இரவு 10.38

கீழே. ரோமியோவுக்கு இருந்த மாதிரி.

சும்மா ஒருத்தன், இரவு 10.40

வாலு போயி கத்தி வந்தது டும் டும் டும்.

பட்டிக்காரன், இரவு 11.15

சாப்பிட்டுட்டு வந்து மறுபடி பாத்தேன். இப்ப மாட்டினாருங்க.

வீடியோவுல பின்னால ஒரு காத்தாடி தெரியுது, மின்சாரக் காத்தாடி. காத்தாடி எப்பவும் காத்து வர்ற திக்கைப் பாத்து நிக்கும். ஆடியில நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்துதான் காத்து. அப்ப காத்தாடி மூஞ்சி மேக்க. நாய் எந்தப் பக்கம் ஓடுது? காத்தாடி மூஞ்சி பாக்கற அதே பக்கம். அதாவது மேக்க. எதிர்காத்துல ஓடற நாய்க்கு வால் பின்னால படுக்குமுங்களா, மேல தூக்குமுங்களா? துண்டைத் தோள்ல போட்டுட்டு மேக்க பாத்து சைக்கிள் மிதிச்சவனைக் கேளுங்க.

ரோமியோ அப்பா, இரவு 11.22

காத்தாடி மூஞ்சி எது முதுகு எதுன்னு அரை கிலோமீட்டர் தூரத்துல இருந்து உங்களுக்குத் தெரியுதா? அவன் கிழக்கே ஓடினான். நான் அங்க நின்னவன். பின்னால இருந்து அடிச்ச காத்து வாலைத் தூக்கிடுச்சு. இதுக்கு மேல என்ன சொல்ல?

பட்டிக்காரன், இரவு 11.30

அப்ப வால் தூக்கியிருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்க.

ரோமியோ அப்பா, இரவு 11.31

காத்து தூக்கிச்சுன்னு ஒத்துக்கறேன். அவன் தூக்கலை.

மாட்டு டாக்டரம்மா (நாமக்கல்), மறுநாள் காலை 6.50

தென்தீவுத் தம்பி, உங்க நாய் புழுக்கை தின்னதைச் சிரிப்பா எழுதியிருக்கீங்க. அதுல ஒரு ஆபத்து இருக்கு. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த சில நாளைக்கு அந்த மருந்து புழுக்கையிலயும் வரும். ஐவர்மெக்டின் கொடுத்திருந்தா, கோலி வகை நாய்கள் சிலதுக்கு அது நரம்பைத் தாக்கும். ஒரு மரபணுக் குறைதான் காரணம். ரஃப் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு ரெண்டுலயும் அதிகம், பார்டர் கோலியில குறைவு, ஆனா இல்லாம இல்லை. நாயை ஆட்டுகிட்ட கூட்டிட்டுப் போறவங்க, கடைசியா எப்ப என்ன மருந்து ஊத்தினீங்கன்னு பண்ணைக்காரரைக் கேட்டுட்டுப் போங்க.

அதே மாதிரி நாய்க்கும் நாடாப்புழு மருந்து கொடுத்துட்டுப் போகணும். நாய் வயித்துல இருக்கிற ஒரு சின்ன நாடாப்புழுவோட முட்டை சாணி வழியா மேய்ச்சல் நிலத்துல விழுந்தா, ஆட்டுக்கும் மனுசனுக்கும் ஈரல்ல, நுரையீரல்ல நீர்க்கட்டி வரும். ஆடு அறுத்த இடத்துல பச்சை ஈரலை நாய்க்குப் போடாதீங்க, அந்தச் சுத்து அங்கதான் தொடங்குது.

இன்னொண்ணு. சினை ஆடு இருக்கிற பட்டியில பழகாத நாயை விடவே கூடாது. கடிக்கவே வேண்டாம், ஓட்டமும் பயமும் போதும், கரு கலைஞ்சு குட்டியை வீசிடும்.

தென்தீவுத் தமிழன், காலை 7.20

அம்மா, மிக்க நன்றி. அந்த நீர்க்கட்டி நோயை ஒழிக்க இங்க பல பத்து வருசம் பாடுபட்டிருக்காங்க. நாய்க்குக் கட்டாயம் மருந்து, நாய்க்குப் பச்சை உள்ளுறுப்பு போடத் தடை. 2002-லதான் நாட்டுல ஏறக்குறைய இல்லைன்னு அறிவிச்சாங்க. ஆட்டு நாய் மேல இங்க அவ்வளவு மரியாதை, டெகாப்போ ஏரிக்கரையில 1968-ல நாய்க்கு வெண்கலச் சிலையே வச்சிருக்காங்க.

பட்டிக்காரன், காலை 7.24

சிலையில வால் எப்படி இருக்குங்க தம்பி?

தென்தீவுத் தமிழன், காலை 7.25

அடுத்த தடவை போறப்ப பாத்துட்டு வந்து சொல்றேன் அண்ணே 😄

வேட்டைக்காரன் மகன் (ராஜபாளையம்), காலை 8.02

என்னய்யா வெள்ளைக்காரன் நாய்க்கு இவ்வளவு பேச்சு? நம்ம ராஜபாளையத்துக்கு 2005-ல இந்திய அரசே தபால்தலை விட்டுச்சு. நம்ம சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எதை விட்டாலும் ஒரு மணி நேரத்துல ஆட்டை வரிசையில நிறுத்தும். அடிமைப் புத்தி.

கீதாரி பேரன், காலை 8.20

தபால்தலை விட்டது உண்மைதான் அண்ணாச்சி. அதே வரிசையில இமாலய ஆட்டு நாய், ராம்பூர், முதோல்னு இன்னும் மூணு நாய்க்கும் விட்டாங்க. அந்த இமாலய நாயும் காவல் நாய்தான், மடக்குற நாய் இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுற ஓட்டக்கார நாய். ஓடுற ஆட்டைக் கண்டா அதுக்கு அது பெரிய முயல். வரிசையில நிறுத்தும், எங்க கறிக்கடையிலயா? வளர்க்கிறவன் மேல குத்தமில்லை, நாய் மேலயும் இல்லை, அதுக்குன்னு வச்ச வேலை வேற. இதைத்தான் நேத்து ராத்திரியே பிரிச்சுப் பேசுவோம்னேன்.

வேட்டைக்காரன் மகன், காலை 8.26

நாடோடியா ஊர் ஊராக் கிடை போட்டுத் திரியறவனுக்கு எங்க நாயைப் பத்தி என்ன தெரியும்.

கீதாரி பேரன், காலை 8.33

நாங்க கிடை போட்ட வயல்லதான் உங்க ஊரு நெல்லு விளைஞ்சிருக்கு அண்ணாச்சி. ராத்திரி முழுக்க ஆட்டை நிறுத்தி எரு போட்டுக் கொடுத்துட்டுக் கூலியா நெல்லு வாங்கினவங்க நாங்க. இந்த வார்த்தையை மட்டுறுத்துநர் பாக்கணும்.

பட்டிக்காரன், காலை 8.40

ஏனுங்க, ரெண்டு பேரும் வேற இழைக்குப் போங்க. இங்க வால் பேசிட்டிருக்கோம். கிடைக்காரங்களும் சும்மா இல்லீங்க, எங்க கிளுவ வேலியில எத்தனை தடவை ஆட்டை ஏத்தியிருக்கீங்க, அது தனிக் கணக்கு.

கீதாரி பேரன், காலை 8.41

அட, உங்களுக்கு ஆதரவாத்தானய்யா பேசிக்கிட்டு இருந்தேன்!

மட்டுறுத்துநர், காலை 9.30

ஊர், தொழில் வைத்து இழிவாகப் பேசிய ஒரு பதிவு எச்சரிக்கப்பட்டுள்ளது. தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

பட்டிக்காரன், முற்பகல் 11.10

ஆடு ஓட்டி விட்டுட்டு வந்துட்டேன். தலைப்புக்கு வர்றேன்.

கிழக்க ஓடுச்சுன்னு சொன்னீங்கல்ல. வீடியோவுல எட்டாவது நொடியில ஒரு பனைமரம். அதோட நிழலு நாய் ஓடற பக்கமாவே நீண்டு கிடக்குது. நிழலு மேக்க விழுந்தா காலை நேரம், கிழக்க விழுந்தா சாயங்காலம். நீங்க எடுத்தது காலையிலன்னா நாய் மேக்க ஓடியிருக்கு, எதிர்காத்து, வால் தானாத் தூக்கினது. காலையா சாயங்காலமா, ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க.

ரோமியோ அப்பா, நண்பகல் 12.15

சாயங்காலம். பட்டியில அடைக்கிறது சாயங்காலம்தானே? முப்பது வருசம் ஆடு வச்சிருக்கீங்க, இது தெரியாதா? கிழக்க ஓடினான், பின்காத்து. முடிஞ்சுது.

பட்டிக்காரன், நண்பகல் 12.32

முடியலீங்க.

23-வது நொடியில நாலு ஆடு பக்கவாட்டுல திரும்புது. இடது விலாவுக்குப் பின்னால, இடுப்பெலும்புக்கு முன்னால பாருங்க. பசிக்குழி. உள்ள ஒரு கை வெக்கலாம், அப்படி ஒட்டிக் கிடக்குது. நாளெல்லாம் மேஞ்சுட்டு வந்த ஆட்டுக்கு அந்த இடம் புடைச்சு நிக்கும், தட்டினா தவுலுச் சத்தம் வரும். இது ராத்திரி பூராப் பட்டினியாக் கிடந்து அப்பத்தான் தொறந்து விட்ட ஆடுங்க. காலைங்க. சத்தியமா காலை.

ரோமியோ அப்பா, நண்பகல் 12.50

ஆடி மாசம் கொறங்காட்டுல என்ன புல்லு இருக்கு? கொழுக்கட்டைப்புல் காஞ்சு கருகிக் கிடக்கு. நாள் பூரா மேஞ்சாலும் வயிறு ஒட்டித்தான் இருக்கும். எங்க மாமனாரே சொல்றாரு.

பட்டிக்காரன், நண்பகல் 12.58

சாயங்காலம் வரைக்கும் வயிறு ஒட்டிக் கிடக்கற அளவுக்கு ஆட்டைப் பட்டினி போடறாருன்னா, உங்க மாமனாருகிட்ட நானே பேசணும்.

ரோமியோ அப்பா, பகல் 1.01

குடும்பத்தை இழுக்காதீங்க.

கீதாரி பேரன், பகல் 1.20

மறுபடி குறுக்க வர்றேன். பட்டிக்கார அய்யா சொல்ற மாதிரி அது காலைன்னா, வாலை விடுங்க, மொத்தக் கதையே வேறய்யா. அப்பத்தான் பட்டியை விட்டு வெளிய வந்த ஆடு, தெரியாத நாயைக் கண்டு மிரண்டு, வந்த வழியே திரும்பிப் பட்டிக்குள்ள பாஞ்சிருக்கு. நாய் அடைக்கலை, ஆடு தானா ஓடி ஒளிஞ்சுது. இதைச் சொன்னாலே போதுமே, காத்தாடி எதுக்கு?

பட்டிக்காரன், பகல் 1.26

அது சரிங்க தம்பி, அதைப் பின்னால பாத்துக்கலாம். வால் விசயம் இன்னும் முடியலை.

ரோமியோ அப்பா, பகல் 1.45

எல்லாருக்கும் ஒண்ணு தெரியணும். இவருக்குப் பிரச்சினை வாலு இல்லை. போன வருசம் இவரு இங்க நாட்டுநாய்க் குட்டி விக்கறேன்னு போட்டாரு. "தடுப்பூசி அட்டை இருக்கா?"ன்னு நான் கேட்டேன். அட்டை இல்லை. நாலு பேரு வாங்காமப் போனாங்க. அன்னையில இருந்து என் பதிவு எதைப் பாத்தாலும் வந்து நிக்கறாரு. கழுத்துப்பட்டை பத்தி எழுதினேன், வந்தாரு. உண்ணி பத்தி எழுதினேன், வந்தாரு. ரோமியோ பிறந்தநாளுக்கு கேக் வெட்டின படம் போட்டேன், அதுக்கும் வந்து "நாய்க்கு எதுக்குங்க மெழுகுவத்தி"ன்னு கேட்டாரு.

பட்டிக்காரன், பகல் 1.52

அதை இப்பவும் கேக்கறேன்.

குட்டி விக்கலீங்க, சும்மா கொடுத்தேன், பால்காசுன்னு நூறு ரூவா கேட்டேன். அட்டை இல்லை, ஊசி போட்டிருந்துச்சு. அது கிடக்கட்டும். நீங்க சொன்னதுனால சொல்றேன், இதைச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

போன மாசியில ஒரு ராத்திரி. மணி ரெண்டரை இருக்கும். எங்க பட்டிக்குள்ள நாய் பூந்துருச்சு. அஞ்சோ ஆறோ. நான் டார்ச்சைத் தூக்கிட்டு ஓடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. பதினோரு ஆடு செத்துக் கிடக்குது. அப்பறம் ஒரு வாரத்துல இன்னும் மூணு. அந்தப் பதினொண்ணுல கடி பட்டது நாலே நாலு. மத்த ஏழும் வேலி மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மூச்சு முட்டிச் செத்ததுங்க. அடியில கிடந்தது ஒரு சினை ஆடு, மேல ஒரு காயமில்லை, நாக்கு மட்டும் வெளிய தள்ளி நீலமாக் கிடந்துச்சு. வெளிச்சம் அடிச்சப்ப வேலி தாண்டி ஓடின நாய்ங்கள்ல ரெண்டு கழுத்துல பட்டை இருந்துச்சு. சிவப்புப் பட்டை ஒண்ணு, நீலப் பட்டை ஒண்ணு. தெரு நாய்ங்க கூடச் சேந்து வந்த வீட்டு நாய்ங்க. காலையில அது அவங்கவங்க வீட்டுல பிஸ்கோத்து தின்னுட்டு வாலை ஆட்டிட்டு நின்னிருக்கும். இழப்பீட்டுக்கு மனு எழுதி எழுதி எனக்குக் கையெழுத்தே அழகாயிருச்சு.

வாலை ஆட்டிட்டுத்தானுங்க வந்துச்சு அந்த ரெண்டும். வெளிச்சத்துல பாத்தேன். வால் மேலதான் இருந்துச்சு. கோவமா வரலை. சந்தோசமா, விளையாட்டா வந்துச்சு. அதனால நீங்க இருநூறு பேருக்கு "அவுத்து விட்டுப் பாருங்க"ன்னு எழுதினப்ப, எனக்கு 17-வது நொடிதானுங்க கண்ணுல பட்டுது.

மாட்டு டாக்டரம்மா, பகல் 2.30

வருத்தமா இருக்கு அண்ணா. இந்த மாதிரி பட்டிகளை நானும் போய்ப் பாத்திருக்கேன். ரோமியோ அப்பா, தயவுசெஞ்சு அந்தப் பழைய பதிவுல "அவுத்து விடுங்க"ங்கற வரியையாவது மாத்துங்க.

ரோமியோ அப்பா, பிற்பகல் 3.10

ஆடு செத்தது வருத்தம்தான், நான் இல்லைங்கலை. ஆனா அது ரோமியோ இல்லை. ரோமியோ ஒரு ஆட்டையும் கடிக்கலை. எவனோ ராத்திரியில நாயை அவுத்து விட்டதுக்கு நான் ஏன் என் பதிவை மாத்தணும்? "உங்க மேற்பார்வையில"ன்னு வேணா ஒரு வார்த்தை சேக்கறேன்.

வால் கீழேதான் இருந்துச்சு.

சும்மா ஒருத்தன், பிற்பகல் 3.12

ஆரம்பிச்சுட்டாருய்யா.

தென்தீவுத் தமிழன், மாலை 4.45

ரோமியோ அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. கடிக்கலைங்கறது போதாது. பூந்தி மூணாவது தடவை போனப்ப, அதுவரைக்கும் சாதுவா இருந்தது திடீர்னு ஒரு ஆட்டோட தொடையைக் கவ்விடுச்சு. ஆடு வரிசையை விட்டுப் பிரிஞ்சு ஓடினதும், அந்த ஒரு நொடியில நாய்க்குப் பட்டுனு வேற புத்தி வந்துடுது. கயிறு தரையில கிடந்ததால அந்த அம்மா மிதிச்சு நிறுத்தினாங்க. நீங்க கயிறே இல்லாம விட்டிருக்கீங்க. 31-வது நொடியில ஒரு குட்டி பிரிஞ்சு ஓடுது பாருங்க, ரோமியோ அதைத்தான் துரத்துறான், மந்தையை இல்லை. துரத்திட்டு இருக்கும்போதே வீடியோ வெட்டுது. அதுக்கப்பறம் என்ன ஆச்சு?

ரோமியோ அப்பா, மாலை 5.20

மெமரி நிறைஞ்சு போச்சு. அதான் வெட்டுச்சு.

பட்டிக்காரன், மாலை 5.24

31-வது நொடியில வால் எங்க இருக்குதுன்னு பாருங்க தம்பி.

வேட்டைக்காரன் மகன், மாலை 6.00

இதுக்குத்தான் சொன்னேன், நாட்டு நாய் வாங்குங்கன்னு. குட்டி இருக்கு, வேணும்னா தனிச்செய்தியில வாங்க.

மட்டுறுத்துநர், மாலை 6.15

விற்பனை விளம்பரம் நீக்கப்படும்.

ரோமியோ அப்பா, இரவு 9.40

கடைசியா சொல்றேன். புரட்டாசியில மறுபடி போறேன். இந்தத் தடவை ரெண்டு கேமரா. நேரம் தெரியற மாதிரி எடுக்கறேன். கயிறும் போடறேன், போதுமா? வால் கீழே இருந்தா இதே இழையில வந்து மன்னிப்புக் கேக்கணும்.

பட்டிக்காரன், இரவு 9.47

புரட்டாசியில காத்து செத்துப் போயிருமுங்க. அப்பறம் காத்து தூக்கிச்சுன்னு சொல்ல முடியாது, ரோசனை பண்ணிட்டுப் போங்க. பக்கத்துல ஒரு ஆளை நிறுத்தி, கையில திசைகாட்டி குடுங்க. அந்த ஆளு மாமனாரா இருக்க வேண்டாம்.

அப்பறம் அந்தப் பனை நிழலு. காலையிலயே சொல்ல விட்டுப் போச்சு. அந்த நிழலோட நீளத்தை வெச்சே மணி சொல்லலாம். மரம் நாப்பது அடின்னு வெச்சுக்குவோம்

இருங்க. பட்டிப்பக்கம் சத்தம்.

பட்டிக்காரன், இரவு 10.31

ஒண்ணுமில்லீங்க. கீரி. ஆடெல்லாம் எந்திரிச்சு ஒரு மூலையில ஒண்டி நிக்குதுங்க, படுக்க மாட்டேங்குதுங்க. எங்க நாய் வேலிகிட்ட நின்னு இன்னும் இருட்டைப் பாத்து உறுமிட்டு இருக்குது. கொஞ்ச நேரம் கயித்துக் கட்டலை இங்கயே போட்டுக்கறேன்.

எங்க விட்டேன்? நாப்பது அடி மரம்.